கால் நொடி

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கம்ப்யூட்டர் திரைமேல் கோணலாகப் போட்டிருக்கிறது. யாருக்கும் உறைக்காமல் போன ஆறாயிரம் குட்டி நில அதிர்வுகள். ஒவ்வொன்றின் அலையும் எந்த அதிர்வுப் பதிவு நிலையத்துக்கு எந்த நொடியில் வந்தது என்று மூன்று மாதமாகக் குறித்தவள் கண்களைப் புறங்கையால் அழுத்திக்கொள்கிறாள். அக்கம்பக்கத்து அதிர்வுகளை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டதில், சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒடுங்கி ஒரே கோடாகிவிட்டன. அதுதான் அதிர்வுகள் பிறக்கும் நிலத்தடிப் பிளவு. நேற்றுவரை அது ஆளில்லாத குன்றுக்கு அடியில் இருந்தது. அந்தக் குன்றின்மேல் இருக்கும் நிலையத்தின் கடிகாரம் கால் நொடி பிந்தி ஓடியதை இன்று காலைதான் கண்டுபிடித்துத் திருத்தினாள். வடிவம் மாறாமல், முழுக்கோடும் நகர்ந்து அக்கா வீட்டுத் தெருவுக்கு அடியில் வந்து நிற்கிறது.

“என்னம்மா, மேப்பை அனுப்பிடலாமா?” மேலதிகாரி ஆறிப்போன டீயை ஓரமாக நகர்த்துகிறார்.

“இன்னொரு தடவை பாத்துடறேன் சார்.”

“நாலு தடவை பாத்தாச்சே!”

மேசைமேல் போன் அதிர்கிறது.

“சாப்டியாடி?” அக்காவுக்குப் பின்னால் சுத்தியல் சத்தம். “மாடில ஒரு ரூம் கட்டறோம். நீ வந்தா தங்கறதுக்குத்தான்.”

“இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?”

“நீ எப்பவுமே இப்படித்தான்” என்று சிரித்துவிட்டு அக்கா போனை வைக்கிறாள். இவள் அந்தக் கடிகாரத்தின் பதிவை ஐந்தாவது முறையாகத் திறக்கிறாள். கால் நொடி அப்படியேதான் இருக்கிறது.