விலை படியாத முகம்

மீன்காரி தேசம்மாவுக்கு மார்பில் வந்த புற்று மூளைக்கு ஏறிவிட்டது. கதிர் பாய்ச்சும்போது தலை அசையாமலிருக்க ஒரு வலை முகமூடி செய்தார்கள். அதைச் சூடாக முகத்தில் போர்த்தி அச்செடுத்த அன்று, அவள் பல்லைக் கடித்துத் தாடையைத் தூக்கி, அடிமாட்டு விலைக்கு மீன் கேட்பவனிடம் காட்டும் முகத்தையே காட்டிக்கொண்டு கிடந்தாள். முகமூடியும் அப்படியே இறுகிப்போனது. தினமும் அந்த முகத்தோடு படுத்தால்தான் முகமூடியை மேசையோடு பிணைக்கும் பூட்டு விழும்.

ஏழாம் நாள் காலை, ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார் டாக்டர். மேசையில் அவள் முகம் தொய்ந்துகிடந்தது. முகமூடி பொருந்தவில்லை.

"நாளைக்குப் பாக்கலாமாம்மா?" என்றான் டெக்னீஷியன்.

"தம்பி, வஞ்சிரம் கிலோ நூறு ரூபாய்க்குக் குடுப்பியான்னு என்னைக் கேளு."

தயங்கித் தயங்கிக் கேட்டான்.

தாடை ஏறியது.

"இப்போ பூட்டு."