ருஃபினோவின் பெயரை எழுதிய நாள்

"அவனை வெளிய அனுப்புங்க மேடம். இல்லேன்னா நான் என் பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

நான் போட்ட சத்தத்தில் சுகாதார நிலையத்தின் மாடியில் வட்டமாக உட்கார்ந்திருந்த எல்லோரும் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள்.

என் மகன் எஃப்ரென் மட்டும் தலை நிமிரவில்லை.

போதையிலிருந்து மீட்கும் இந்தச் சிகிச்சைக்குக் காலை எட்டு மணிக்கு வந்து நாலு மணிக்கு வீடு திரும்ப வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காக வந்து முடித்தால் வழக்கு இல்லை. பாதியில் எழுந்து போனால் ஜெயில்.

எதிரே ருஃபினோ. நூற்றுப் பன்னிரண்டு நாளாக அவன் ஷாபு போதைத்தூளைத் தொடவில்லையாம். குடும்பத்தாரை அழைத்த நாளாயிற்றே, நானும் கைதட்ட வேண்டுமாம்.

அவனுக்கா?

என் பிள்ளையைக் கெடுத்தவன் அவன்தான் என்று இரண்டு வருடமாக நான் சொல்லாத வீடு இல்லை. நவோட்டாஸ் மீன் சந்தையில் அவன் அம்மா என்னைக் கண்டால் வேறு வரிசைக்குப் போய்விடுவாள்.

ஆலோசகர் கிளாரிட்டா நோட்டைத் திறந்தாள். கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே இடத்தில் சிகிச்சை பெற முடியாது. நான் சொல்வது உண்மை என்றால் ருஃபினோவின் கோப்பு கோர்ட்டுக்குத் திரும்பிவிடும்.

"எஃப்ரென், மொதல்ல உனக்கு யாரு குடுத்தது? நீயே சொல்லுப்பா."

அவன் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"சொல்லித் தொலையேண்டா!" என்று கத்தினேன்.

எழுந்தது ருஃபினோ.

"அவனை விடுங்க மேடம். நான்தான் குடுத்தேன். எழுதிக்கோங்க."

கிளாரிட்டா எழுதினாள்.

ருஃபினோ செருப்பை மாட்டிக்கொண்டான். என்னைத் தாண்டும்போது நின்றான்.

"போதுமா ஆன்ட்டி?"

எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். அந்தக் குரலில் கொஞ்சமும் கோபம் இல்லை. அதுதான் என்னை எரித்தது. பளாரென்று அறைந்துவிட்டேன்.

அவன் கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளாமல் படியிறங்கினான்.

எஃப்ரென் எழுந்து அவன் பின்னாலேயே போனான். கிளாரிட்டா இரண்டு முறை கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

கை இன்னும் காந்திக்கொண்டிருந்தது. யார்மேல் இந்தக் கோபம் என்று எனக்கே புரியவில்லை. ருஃபினோவுக்கு எத்தனை நாளாகத் தெரியும்? எஃப்ரென் அவனிடம் எப்போது சொன்னான்?

ஐஸ் ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் பாளம் சுமந்துவிட்டு வந்து, சோற்றுத் தட்டின் முன்னால் தூங்கி விழுந்த எஃப்ரெனை நான் உலுக்கி எழுப்பியதை. "இத இழுத்துக்கோ, இன்னொரு ஷிஃப்ட் தாங்கும்" என்று அவன் உள்ளங்கையில் அந்த முதல் பொட்டலத்தை நானே வைத்து விரல்களை மூடியதை.

கிளாரிட்டா இன்னும் பேனாவை மூடவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை.