பதினேழாவது வலம்புரி

“வலம்புரி... வலம்புரி...”

கட்டிலில் கிடந்த நாகநாதன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். வாதம் அடித்துப் படுத்த எட்டு மாதமாக அவர் வாயில் வருவது இந்த ஒரே சொல்தான். பூசாரி வாயில் ஆத்தா பேரைத் தவிர வேறென்ன வரும் என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

மகன் மாரீஸ்வரனுக்குத்தான் அது தலைவலியாக இருந்தது. சாயங்காலம் தன் பெண் பிள்ளைக்குப் பேர் வைக்க வேண்டும். அய்யா இப்படி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேறு பேரைச் சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்?

“அந்தப் பேரு மட்டும் வேணாம்,” என்றாள் அவன் பெண்டாட்டி மாரிச்செல்வி, பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே. “இந்த ஊருல ஏற்கெனவே பதினாறு வலம்புரி இருக்காளுக. தெத்துப்பல்லு வலம்புரி, மேலத்தெரு வலம்புரி, சோடாபுட்டி வலம்புரி... பள்ளிக்கூடத்துல டீச்சரு நம்பர் போட்டுல்ல கூப்பிடுறாக. எம்புள்ள நெறத்துக்கு நாளைக்கே கருத்த வலம்புரிம்பாக. கேட்டுக்கிட்டு இருக்கச் சொல்றியளா?”

“நான் என்னத்தச் செய்ய? நம்ம ஊரு கூத்தையா தன் மகளுக்கு வேற பேரு வச்சான். அந்த வருசமே அவன் போர்க் கெணத்துத் தண்ணி உப்பாப் போச்சுல்ல?”

அந்தச் சுற்றுவட்டாரத்தில் எவன் போட்ட போரில்தான் நல்ல தண்ணீர் வந்தது? ஆனால் ஊருக்கு அது ஆத்தாவின் கோபம். ஊரை எதிர்த்துப் பேச மாரீஸ்வரனுக்கு வாயில்லை, பெண்டாட்டியைச் சமாளிக்கவும் வழியில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முக்காடு போட்ட ஓர் அம்மாள் இறங்கினாள், அறுபது வயதிருக்கும். எதிரே இருந்த வலம்புரி ஆத்தா கோயிலைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கும்பிடவில்லை.

“நாகநாதன் வீடு இதானே தம்பி? எம்பேரு சித்தி ஜுனைதா, பெரியபட்டினம். அவுகளுக்கு மேலுக்குச் சொகமில்லன்னு நேத்துத்தான் தெரியும்.”

“வாங்கம்மா. அய்யாவ எப்படிப் பழக்கம்?”

“நாப்பது வருசத்துக்கு முன்னால போக்கிடம் இல்லாம நின்னேன். சைக்கிள்ல ஏத்திக் கொண்டுபோயி மெட்ராஸ் பஸ்ஸு ஏத்திவிட்டாக. பெறகு அங்கனயே காலம் ஓடிப்போச்சு. போன மாசந்தான் எங்க வீட்டுக்காரவுக ஊருக்கே வந்தோம்.”

உள்ளேயிருந்து “வலம்புரி...” என்று குரல் வந்தது. படியேறிய அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“யாரத் தம்பி கூப்பிடுறாக?”

“எங்க அத்தைய. இப்ப எதுத்தாப்புல ஆத்தாளா நிக்கிறாளே, அவளத்தான். நான் பொறக்கவே இல்ல அப்ப.” சொல்லிச் சொல்லிப் பழகிய கதை என்பதால் மாரீஸ்வரன் மளமளவென்று சொன்னான். “அத்த பொறந்த அன்னிக்குத் தாத்தாவுக்குக் கடக்கரையில வலம்புரிச் சங்கு ஒண்ணு கெடைச்சுதாம். அதான் அந்தப் பேரு. அப்பல்லாம் மதுரை வரைக்கும் தேடுனாலும் அப்படி ஒரு பேரு கெடையாது. பெறகு கல்யாணம் பேசுனப்ப, புடிக்கலன்னு விடியக்காலம் கடல்ல எறங்கிட்டா. கடைசியாப் பாத்தது எங்க அய்யாதான். அவருதான் ஊருக்கு வந்து சொன்னாரு.”

அடுத்த மூன்று வருஷமும் மழை பொய்த்தது. கன்னி கழியாமல் போனவளின் சாபம் என்று பயந்து ஊர் அவளுக்குக் கல் நட்டது. பிறந்த பெண் பிள்ளை ஒன்றுக்கு அவள் பேரை வைத்த அன்று ராத்திரியே கண்மாய் பெருகியதாம். அப்புறம் யார் வேறு பேரை யோசிப்பார்கள்?

நாகநாதனையே பூசாரியாக உட்கார வைத்தார்கள். வேண்டவே வேண்டாம் என்று அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாராம். என்ன அடக்கம் பார் என்று ஊர் மெச்சிக்கொண்டது.

அந்த அம்மாள் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“வலம்...” நாகநாதன் பாதியில் நிறுத்தினார். அவளையே பார்த்தார். விளங்காத வலது கை கிடந்தபடி கிடக்க, இடது கை மட்டும் மெல்ல நகர்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவள் முக்காட்டு நுனியால் அதைத் துடைத்துவிட்டாள்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக வீடு அமைதியாக இருந்தது. ஓதிப் பார்க்கிற அம்மாவாக இருக்குமோ என்று மாரீஸ்வரனுக்குத் தோன்றியது. அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது அவனுக்கும் பொங்கிவிட்டது.

“பெரியவுக, நீங்களே ஒரு வழி சொல்லுங்கம்மா. அந்தப் பேர வச்சா இவ கைப்புள்ளையோட அவுக அம்மா வீட்டுக்குப் போறேங்கிறா. வேற பேரு வச்சு, ஆத்தா கோவிச்சுக்கிட்டா நான் எங்க போயி முட்டிக்கிறது?”

அவள் இன்னொரு கையை நீட்டினாள். மாரிச்செல்வி தயங்கித் தயங்கிப் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் விட்டாள். அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு அந்த அம்மாள் நிமிர்ந்தாள்.

“புடிச்ச பேரா வையிய்யா. அத்தை நான் கோவிச்சுக்க மாட்டேன்.”