ஒரு வளையம் கூடுதல்

மேசைவிரிப்புக்கு லேஸ் போட பெனடிக்டா உட்கார்ந்து பதினோரு மாதமாகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும், ஓடம் போன்ற ஷட்டிலில் நூலைச் சுற்றி, முடிச்சு முடிச்சாகப் போட்டு இழுத்தால் ஒரு சின்ன வளையம். இழுத்து மூடிய வளையத்தைப் பிரிக்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். அதனால் எழுந்து போகும்போதெல்லாம் கடைசி வளையத்தில் சிவப்பு நூல் ஒன்று கட்டி வைப்பாள். மூன்று நாளாக, திரும்பி வந்து பார்த்தால் சிவப்பு நூலைத் தாண்டி ஒரு வளையம் கூடியிருக்கிறது. அவள் போடுவது எப்போதும் கொஞ்சம் தொளதொளவென்றிருக்கும். இது கச்சிதமாக இருந்தது. வீட்டில் கணவர் மரியஜானைத் தவிர வேறு ஆளில்லை, அவருக்குப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது.

இன்று, “இத யாரும் தொடாம பாத்துக்கிடுங்க” என்று அவரைக் காவல் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள். ஈரத்தலையோடு வந்தபோது இன்னொரு வளையம்.

“யாரு வந்தா?”

“யாரும் வரல்ல. நீதான் போன வேகத்துல திரும்பி வந்து போட்டுட்டிருந்த. இப்பம்தான எந்திரிச்சு உள்ள போன?”

மேசையில் ஷட்டிலைக் காணவில்லை. கடைசி வளையத்திலிருந்து கிளம்பிய நூல், தரையோடு போய் உள்ளறைக்குள் நுழைந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல விறைத்தது.