கோமளவல்லி சொல்லாத பெயர்

மூளைக் கட்டியை அறுப்பதற்கு முன், கோமளவல்லியின் பேச்சு மூளையில் எங்கே குடியிருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உறவுக்காரர்களின் படங்களைக் காட்டி, மனசுக்குள் பெயர் சொல்லச் சொன்னார்கள். அத்தை மகன் தணிகாசலத்தின் படத்துக்குத் திரையில் அந்த இடம் நெருப்புக் கங்குபோலச் சிவந்தது; கணவர் ஆளவந்தாரின் படத்துக்கு இருண்டே கிடந்தது.

“அவன் பேருக்கு மட்டும் ஜெகஜ்ஜோதியோ?” என்று உறுமினார் ஆளவந்தார்.

“புருஷன் பேரை மனசால கூடச் சொல்லக்கூடாதுன்னு வச்சது உங்க குடும்பந்தானேங்க?” என்றாள் அவள்.

கட்டியோடு பேச்சும் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகையில், ஆளவந்தார் முதுகை வளைத்து அவள் காதில், “ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிடு” என்றார். அவள் உதடு பிரிந்தது. பின்னால் மருமகள்கள் வரும் சத்தம் கேட்டதும், அவரே அவள் வாயைப் பொத்தினார்.