பாஸாக மறுத்த ஹெல்மெட்

சோதனைக்கூடத்தில் ஒரு மரத்தலை இருந்தது. புதிதாக எந்த ஹெல்மெட் செய்தாலும் முதலில் அதற்குத்தான் மாட்டிப் பார்ப்பார்கள். அன்று மாட்டிய புது ஹெல்மெட் கச்சிதமாகப் பொருந்தியது.

"பாஸ்! நாளைக்கே உன்னை மாதிரி ஆயிரக்கணக்குல செய்ய ஆரம்பிச்சிருவாங்க" என்றது மரத்தலை.

"அண்ணே, கொண்டை போட்ட தலையில நான் உட்காருவேனா?"

"அதை யாரு கேட்டா? இத்தனை வருஷமா என் தலைதான் அளவு."

"உங்களுக்கு ஒரு முடிகூடக் கிடையாதே! ரோட்டுல போற எல்லாரும் மொட்டையா? நான் கழன்று விழுந்தா உடையப்போறது உங்க மண்டையா?"

"வாயாடி! பேசாம பாஸாகிட்டுப் போ."

"மாட்டேன்!"

ஹெல்மெட் தன் வாரைத் தளர்த்திக்கொண்டு குதித்தது. உருண்டுபோய் இன்ஜினியர் எழிலரசியின் காலில் முட்டியது. ஒரு கையில் டீ வைத்திருந்த அவள், மறு கையால் அதை எடுத்துத் தன் தலையிலேயே கவிழ்த்தாள். கொண்டை இடித்தது. ஹெல்மெட் சரிந்து மூக்கில் வந்து நின்றது.

மறுநாள் மரத்தலைக்குச் சணலில் ஒரு கொண்டை வைத்து ஆணி அடித்தார்கள்.

"ஐயோ, கனக்குதே!" என்றது அது.

"சரி, அடுத்தது யாரு?" என்று அலமாரியைப் பார்த்துக் கேட்டது அந்தப் புது ஹெல்மெட்.

அலமாரியில், ஏற்கெனவே பாஸான ஹெல்மெட்டுகள் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டன.