இரண்டாவது ஓட்டுநர்

"பத்தொன்பது வயசு. லைசென்ஸ் வாங்கி ஆறே மாசம். அதுக்குள்ள ஒருத்தரை இடிச்சாச்சு. பழைய கம்பெனியும் கைவிட்டுடுச்சு. வேற யாரும் இதுக்குக் கம்மியா இன்சூரன்ஸ் தர மாட்டாங்க சார்."

காப்பீட்டு முகவர் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். யார் எப்படிக் குழைந்து பேசினாலும் இளக மாட்டார் என்பதால், அலுவலகத்தில் அவருக்குக் கறார் அக்கா என்று பெயர். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எதிரே இருந்த பெண் தொகையைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"வாங்க, போலாம். எனக்கு வண்டியே வேணாம்."

"உக்காரும்மா" என்றார் பக்கத்தில் இருந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். வலது காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்திருந்தார். கைத்தடி மேசையில் சாய்ந்திருந்தது. "திங்கக்கிழமை வேலைக்குச் சேரணும் மேடம். வீடு வீடாப் போய், படுத்த படுக்கையா இருக்கிறவங்களைக் கவனிச்சுக்கிற வேலை. வண்டி இல்லேன்னா எடுத்துக்க மாட்டாங்க. இவ்வளவு கட்டினா சம்பளத்துல பாதி இங்கயே போயிடும். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

கறார் அக்கா ஒரு ஸ்டூலை அவர் காலருகே நகர்த்தினார். "மூட்டுவலியா சார்? எங்கப்பாவும் இப்படித்தான் காலை நீட்டிக்கிட்டே இருப்பாரு."

"கொஞ்ச நாளா மக்கர் பண்ணுது" என்று சிரித்தார் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த விபத்துல இவ மேல மட்டும் தப்பில்ல மேடம். நல்ல மழை. அந்த ஆளு கறுப்புச் சட்டையைப் போட்டுக்கிட்டு, குடையை முகத்துக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாக்காம ரோட்டுல இறங்கிட்டான்."

கறார் அக்காவுக்குச் சுருக்கென்றது. இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை அப்பாக்களைப் பார்த்தாயிற்று! பிள்ளை தூணில் போய் மோதினால்கூட, தூண்தான் குறுக்கே வந்தது என்பார்கள்.

"அடிபட்டுக் கிடந்த மனுஷரைப் போய் அவன் இவன்னு பேசுறீங்களே. அவர் காதுல விழுந்தா என்ன நினைப்பாரு?"

"அவன் ஒண்ணும் நினைக்க மாட்டான் மேடம்."

பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "அப்படிப் பேசாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? தப்பு என்னோடது. நான்தான் வேகமா வந்தேன்."

அப்பனுக்கு இல்லாத மனசாட்சி மகளுக்காவது இருக்கிறதே என்று ஆறுதல்பட்டுக்கொண்டார் கறார் அக்கா.

"வேகமா வந்தது நிஜந்தான்" என்று பெரியவரும் ஒத்துக்கொண்டார். "ஆனா இவ வண்டியை நிறுத்தினா மேடம். பின்னாடி வந்த ரெண்டு வண்டி ஒதுங்கிப் போயிட்டே இருந்துச்சு. இவ போகல. கொட்டுற மழையில நடுரோட்டுல உக்காந்து, அடிபட்ட தலையை மடியில வச்சுக்கிட்டு, 'தூங்கிடாதீங்க, எங்கிட்ட பேசுங்க'ன்னு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தா."

"நீங்களும் அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். அன்னையிலேர்ந்து இவ ஸ்டீரிங்கைத் தொடவே மாட்டேன்னுட்டா. காலி மைதானத்துல நான் பக்கத்துல உக்காந்து, கெஞ்சிக் கூத்தாடித்தான் மறுபடி ஓட்ட வச்சேன். இப்ப பணத்தைக் காட்டி நீங்க துரத்திட்டா, இவ ஆயுசுக்கும் வண்டி எடுக்க மாட்டா."

கறார் அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி, ரெண்டு வழி இருக்கு. வண்டியில ஒரு கருவி பொருத்துவோம். வேகமாப் போனா, சட்டுன்னு பிரேக் போட்டா எல்லாம் எங்களுக்குத் தெரியும். அதுக்குச் சம்மதிச்சா கொஞ்சம் குறையும். அப்புறம், நல்ல அனுபவமுள்ள ஒருத்தரை இரண்டாவது ஓட்டுநரா சேத்தா இன்னும் குறையும். ஆனா பேருக்குச் சேக்கக் கூடாது. அவரும் நிஜமாவே அந்த வண்டியை ஓட்டணும்."

"என்னைச் சேத்துக்கங்க. ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுறேன், இருபத்தெட்டு வருஷமா. ஒரு கீறல் விழுந்ததில்ல. இப்ப லீவுல இருக்கேன். அடுத்த மாசம் ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. வாராவாரம் இவ வண்டியை ஒரு சுத்து ஓட்டிப் பாத்துக் குடுப்பேன்."

கறார் அக்கா விவரங்களைத் தட்டினார். திரையில் தொகை மளமளவென்று இறங்கியது. அந்தப் பெண் அதை நம்ப முடியாமல் பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு தெரிந்தது. கறார் அக்காவுக்கே சந்தோஷமாக இருந்தது. அப்பா என்றால் முன்னே பின்னே பேசத்தான் செய்வார், பாசம் கண்ணை மறைக்காதா என்று அவரை மன்னித்தும் விட்டார்.

"உறவுமுறை... அப்பா" என்று சொல்லிக்கொண்டே தட்டப் போனார்.

"அப்பா இல்ல மேடம்."

"பின்னே? மாமாவா, பெரியப்பாவா? உள்ளதைத்தான் சொல்லணும் சார்."

அவர் கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்தார். தலை குனிந்திருந்த அந்தப் பெண்ணின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அன்னிக்குக் குடையைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு இவ வண்டிக்கு முன்னாடி இறங்கினானே, அந்தக் கறுப்புச் சட்டைக்காரன் நான்தான். அதையே போட்டுக்கங்க மேடம்."